உரோமப் போர்வீரனின் மரணசாதனம்

நம் நாட்டில் ஒருவர், தம் மறைவின் பின் தம் ஆதனம் இன்னாரைச் சேர்க என மரணசாதனம் எழுதுவதாயின், நொத்தாரிசு ஒருவரும் சாட்சிகள் இருவரும் உடனிருத்தல் வேண்டும். நொத்தாரிசு இல்லையேல் ஐந்து சாட்சிகள் வேண்டும். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம் விதித்த இம்முறையை நம்மவர் நன்கறிவர். சாட்சியொருவர் உரிய இடத்தில் உரிய வேளையிற் கையொப்பமிடாமையால் வீடும் வளவும் எவரையோ சென்றடைந்த கதைகள் ஊர்தோறும் உண்டு. இறந்தவர் திரும்பி வந்து தம் கருத்தை விளக்குதல் இயலாதாகையால், சட்டம் இவ்விடயத்திற் கண்டிப்பாக இருப்பது வியப்பன்று.

இக்கண்டிப்புக்கு முற்றும் மாறான சட்டமொன்று கி. பி. 334ஆம் ஆண்டில் உரோமச் சக்கரவர்த்தி கொன்ஸ்தந்தைனாற் பிறப்பிக்கப்பட்டது. போர்க்களத்தில் உயிர் விடுந் தறுவாயிலுள்ள வீரன், தன் குருதியைத் தொட்டுத் தன் வாளுறையிலோ கேடயத்திலோ எழுதி வைப்பினும், வாள் முனையாற் புழுதியிற் கீறி வைப்பினும், அது செல்லத்தக்க மரணசாதனமே என்பது அச்சட்டத்தின் கருத்து. காற்று வீசினால் அழிந்துபோகும் புழுதியெழுத்தை ஆவணமென ஏற்ற இச்சட்டத்தை, வெளிவாரிப் பட்டப் பரீட்சைக்குத் தனித்திருந்து படித்த காலத்தில் முதன்முதல் வாசித்தபோது, யான் இதனைப் புலவர் எவரோ புனைந்துரைத்தது என்றே எண்ணினேன். பின்னரே இது ஜஸ்தீனியன் சக்கரவர்த்தி தொகுப்பித்த சட்டக்கோவையில் இடம்பெற்ற உண்மையான கட்டளை என அறிந்தேன்.

சாட்சியும் சடங்கும் மிக வேண்டிய உரோமச் சட்டம் போர்வீரனுக்கு மட்டும் இத்துணை இளகியது ஏன்? சக்கரவர்த்திகள் படையின் துணையால் ஆட்சி புரிந்தனர்; ஆதலின் படைவீரரை மகிழ்வித்தனர் என்பது வழக்கமான விடை. அவ்விடை பிழையன்று; ஆயினும் நிறைவுடையதன்று. ஒரு கையாற் சட்டம் பறித்தவற்றை நோக்கினாலன்றி, மறு கையால் அது வழங்கியவற்றின் பொருள் விளங்காது. ஆதலின் பறித்தவற்றை முதலிற் காண்போம்.

ஓகஸ்தஸ் காலத்திற்கு முன்னர் உரோமப் படைக்குத் திட்டமான சேவைக்காலம் இருந்ததில்லை. சேவை முடிந்தோர்க்கு நிலம் கொடுப்பதும் கொடாது விடுவதும் தளபதியின் செல்வாக்கைப் பொறுத்திருந்தன. தமக்கு நிலம் பெற்றுத் தருபவன் எவனோ அவனுக்கே வீரர் விசுவாசமாயினர். குடியரசு வீழ்ந்தமைக்கு இதுவும் ஒரு காரணம். இதனை நன்குணர்ந்த ஓகஸ்தஸ், லீஜியன் எனப்படும் பெரும்படைகளின் வீரர்க்குக் கி. மு. 13இற் பதினாறாண்டுச் சேவையை விதித்து, கி. பி. 5இல் அதனை இருபதாண்டாக நீட்டினார். சேவை முடிவில் ஒருவனுக்கு 12,000 செஸ்தேர்சு, அதாவது 3,000 தெனாரி, கொடையாக வரையறுக்கப்பட்டது. வீரனின் ஆண்டுச் சம்பளம் அன்று 225 தெனாரியே. ஆகவே இக்கொடை பதின்மூன்றாண்டுச் சம்பளத்திலும் சற்று மிகையாம். இதற்கெனக் கி. பி. 6இற் படைக் கருவூலம் ஒன்று நிறுவப்பட்டது. ஓகஸ்தஸ் தம் சொந்தப் பொருளிலிருந்து பதினேழு கோடி செஸ்தேர்சு அதற்கு அளித்தார். மேலும், முதுசப் பொருள்மீது நூற்றுக்கு ஐந்தும், ஏலத்தில் விற்கும் பொருள்மீது நூற்றுக்கு ஒன்றும் வரியாக விதித்து அதனை நிரப்ப வழிசெய்தார். நெருங்கிய உறவினர் பெறும் முதுசத்திற்கு வரி இல்லை. எனினும் செல்வர் முணுமுணுத்தனர். படைவீரனின் முதுமைக்கு அரசே பொறுப்பு என்பதனைத் தனி வருவாயோடு நிலைநாட்டிய ஏற்பாடு இது.

ஏட்டில் இருப்பதும் கையில் வருவதும் ஒன்றல்ல. எகிப்திற் கிடைத்து இன்று ஜெனீவாவிலுள்ள பப்பிரசுச் சுவடியொன்றில், முதல் நூற்றாண்டின் பிற்பகுதியிற் சேவை செய்த புரோக்குலஸ் என்னும் வீரனின் கணக்கு உள்ளது. ஆண்டிற்கு மூன்று தவணையாகத் தரப்படும் சம்பளத்தில் ஒரு தவணைக்கு 248 திரக்மா வரவு. வைக்கோலுக்குப் பத்து, உணவுக்கு எண்பது, பாதணிக்கும் வாருக்கும் பன்னிரண்டு, பாசறையிற் சனிப் பண்டிகைக்கு இருபது, உடைக்கு அறுபது எனக் கழித்தபின் எஞ்சியது 66. மாதச் சம்பளத்திற் கழிவுகளைக் கண்டு பெருமூச்செறியும் நம் ஆசிரியர்கள், பண்டிகைச் செலவையுங் கூடச் சம்பளத்திற் கழித்த அப்பாசறை எழுதுவினைஞனைக் கண்டு சற்று ஆறுதல் பெறலாம்.

கி. பி. 14இல் ஓகஸ்தஸ் இறந்த செய்தி கேட்டதும், தன்யூபு நதிப்புறத்துப் பன்னோனியாவிலும் இறைன் நதிக்கரையிலும் இருந்த படைகள் கலகஞ் செய்தன. முப்பது, நாற்பது ஆண்டுகள் கழிந்தும் விடுதலை இல்லை. உயிர் தப்பியவனுக்கு நிலமென்று கிடைப்பது சதுப்பும் மலைச்சரிவுமே என்று பெர்சென்னியஸ் என்னும் வீரன் முறையிட்டதாகத் தசித்துஸ் எழுதியுள்ளார். இறைன் கரையில் முதிய வீரர் சிலர் ஜெர்மானிக்கஸ் தளபதியின் கையை முத்தமிடுவார்போற் பற்றி, அவர் விரலைத் தம் வாயினுள் இட்டுப் பல்லற்ற ஈறுகளைத் தடவிக் காட்டினராம். பதினாறாண்டே சேவை எனக் கலகத்திடையே ஒப்புக்கொள்ளப்பட்டது. ஆனால் மறு ஆண்டே, அரசின் பொருள்நிலை இருபதாண்டுச் சேவையின்றி இச்சுமையைத் தாங்காது எனக் கூறித் திபேரியஸ் அச்சலுகையை மீட்டுக்கொண்டார்.

காலமும் பொருளும் பறிபோனமையினும் கொடிய பறிப்பு வேறொன்றுண்டு. சேவையிலுள்ள வீரன் சட்டப்படி மணஞ்செய்தல் ஆகாது என்பதே அது. ஓகஸ்தஸ் விதித்ததாகக் கருதப்படும் இத்தடை ஏறக்குறைய இருநூறாண்டு நிலைத்தது. இருபது வயதளவிற் படையிற் சேர்ந்தவன் நாற்பதைக் கடந்தே வெளிவருவான். இடைக்காலம் முழுவதும் அவன் துறவியாக வாழ்வான் எனச் சட்டமியற்றியோரும் எண்ணியிருக்கமாட்டார். பாசறைக்கு அணித்தே குடியிருப்புகள் எழுந்தன; பெண்களோடு வீரர் இல்லறம் நடத்தினர்; பிள்ளைகளும் பிறந்தனர். அதிகாரிகள் இவற்றைக் கண்டுங் காணாதிருந்தனர். வீரன் உயிரோடிருக்கும்வரை இடர் பெரிதாகத் தோன்றாது. அவன் இறந்த அன்றுதான் அப்பெண் சட்டத்தின் கண்ணில் எவருமல்லள் என்பது வெளிப்படும்.

கி. பி. 117ஆம் ஆண்டு சனவரி மாதம் 5ஆம் நாள், எகிப்தின் தேசாதிபதி இருத்திலியஸ் லூப்பஸ் முன்னிலையில் ஒரு வழக்கு வந்தது. இலூசியா மக்ரீனா என்பாள், இறந்துபோன அந்தோனியஸ் ஜெர்மானஸ் என்னும் வீரனிடம் தான் வைப்பாகக் கொடுத்திருந்த பணத்தை அவன் ஆதனத்திலிருந்து மீட்டுத்தருமாறு வேண்டினாள். லூப்பஸ் மறுத்தார். இத்தகைய வைப்புகள் உண்மையிற் சீதனமே என்பது தமக்குத் தெரியும். வீரன் மணஞ்செய்தல் ஆகாது. இவ்வழக்கை விசாரிக்க நீதிபதியை நியமித்தால் அம்மணத்தைத் தாமே ஏற்றதாய்விடும் என்பது அவர் தீர்ப்பின் சாரம். மணமில்லையேற் சீதனமில்லை, சீதனமில்லையேல் மீட்க ஒன்றுமில்லை. இடையிடாத நேர்மையான தருக்கந்தான். சீதனத்தைச் சீதனமென எழுதவியலாது வைப்பென எழுதிக் காத்துக்கொள்ள முயன்ற அக்குடும்பத்தின் தந்திரத்தை லூப்பஸ் ஒரு நொடியிற் கண்டுகொண்டார். அப்பெண் வெறுங்கையோடு திரும்பினாள். சீதனம் என்னுஞ் சொல்லின் பாரத்தை அறிந்த யாழ்ப்பாணத்தார்க்கு இவ்வழக்கின் கொடுமையை விரித்துரைத்தல் வேண்டா.

இனி, வீரனின் மரணசாதனத்திற்கு வருவோம். உரோமக் குடிமகன் ஒருவன் முறைப்படி மரணசாதனஞ் செய்தற்கு ஐந்து சாட்சிகளும், துலாக்கோல் பிடிப்போன் ஒருவனும், ஆதனத்தை விலைக்குக் கொள்வான்போற் பாவனை செய்வோன் ஒருவனும் ஆக எழுவர் வேண்டும். எழுவரும் வயதுவந்த உரோமக் குடிமக்களாதலும் வேண்டும். உரிமையாளனை உரிய சொற்களால் நியமித்தல் வேண்டும். அந்நியன், அதாவது உரோமக் குடியுரிமை இல்லாதவன், உரிமையாளனாதல் இயலாது. தன் ஆட்சியிலுள்ள மகனை நியமித்தல் வேண்டும், அன்றேற் பெயர் சுட்டி விலக்குதல் வேண்டும். ஆதனத்தில் ஒரு பகுதிக்கு மரணசாதனமும் மறு பகுதிக்கு இயல்பான உரிமையும் என இரண்டையும் கலத்தல் கூடாது.

இவ்விதிகளினின்று வீரனை முதலில் விடுவித்தவர் யூலியஸ் சீசர் என்றும், அது தற்காலிகமானது என்றும், பின்னர் டைற்றஸ், டொமிசியன், நேர்வா, திராஜன் ஆகியோர் அச்சலுகையை வழங்கினர் என்றும் சட்ட அறிஞர் அல்பியன் கூறுகின்றார். மாகாண அதிகாரிகட்கு அனுப்பிய கட்டளையில், வீரர் எவ்வாறு விரும்பினும் எவ்வாறு இயலுமாயினும் அவ்வாறே செய்க எனத் திராஜன் அனுமதித்தார். அதற்கு அவர் காட்டிய காரணம் வீரரின் கள்ளமற்ற அறியாமை. அறியாமை ஒரு காரணந்தான். ஆனால் இச்சலுகையின் உள்ளடக்கத்தை நோக்குமின்: வீரன் அந்நியரையும் உரிமையாளராக்கலாம். எல்லைப்புறத்துப் பாசறையில் வாழ்ந்தவனோடு இல்லறம் நடத்தியவள் பெரும்பாலும் எவள்? குடியுரிமை இல்லாத உள்ளூர்ப் பெண். அவள் வயிற்றுப் பிள்ளைகள் எவர்? சட்டப்படி தந்தையற்ற அந்நியர். அவர்கள் தாமாக எதனையும் கோரவியலாது. ஆனால் அவன் பெயர் சுட்டி ஒரு சொற் சொல்லிவிட்டாற் பெறலாம். மணவாயிலை அடைத்த சட்டம், மரணசாதனம் என்னுஞ் சாளரத்தைத் திறந்து வைத்தது என்பதே என் துணிபு. சாளரம் அகலமாயிருந்தமைக்குக் காரணம் வாயில் இன்மையே.

அகலத் திறந்த சாளரத்தாற் கள்வரும் நுழைவர் அன்றோ? இதனையும் திராஜன் எண்ணிப் பார்த்தார். ஸ்தத்திலியஸ் செவெரஸ் என்னும் அதிகாரிக்கு அவர் விடுத்த மறுமொழி சட்ட வரலாற்றிற் புகழ்பெற்றது. வீரன் ஆட்களை அழைத்து, தன் உரிமையாளன் யாவன் எனத் தெரிவிக்கும் நோக்கத்தோடு உரைப்பின், எழுத்தின்றியும் அது செல்லும். ஆனாற் பேச்சோடு பேச்சாக, உன்னையே என் உரிமையாளனாக்குகின்றேன், என் பொருளெல்லாம் உனக்கே என்று ஒருவனிடம் சொல்லிவைத்தால், அது மரணசாதனமாகாது. இவ்வரம்பு வீரர் நலனுக்கே வேண்டியது. அன்றேல், வீரன் இறந்தபின் தமக்கு வேண்டியவர்க்கு அவன் ஆதனத்தைக் கொடுத்ததாகச் சொல்லச் சாட்சிகள் எளிதில் தோன்றுவர் என அவர் விளக்கினார். சடங்கை அகற்றலாம், கருத்து உண்டா என்னும் ஆராய்ச்சியை அகற்றவியலாது. இந்நுட்பத்தைப் பின்னரும் சந்திப்போம்.

மரணசாதனம் எதுவுஞ் செய்யாமலே இறந்தவனின் பிள்ளைகள் கதி யாது? லூப்பஸ் தீர்ப்புக்கு இரண்டாண்டு கழித்து, கி. பி. 119இல், அடுத்த சக்கரவர்த்தி ஹதிரியன் எகிப்தின் தேசாதிபதி இராம்மியஸ் மார்சியாலிசுக்கு எழுதிய கடிதத்தின் கிரேக்கப் படியொன்று பப்பிரசிற் கிடைத்துள்ளது. அது அலெக்சாந்திரியாவிற் படைகளின் பாசறையில் விளம்பரஞ் செய்யப்பட்டது. தந்தையர் படையொழுங்குக்கு மாறாக நடந்தமையால் இப்பிள்ளைகள் ஆதனத்தினின்று விலக்கப்பட்டது கொடுமையெனக் கருதப்படவில்லை என்று முன்னோரை அவர் பழியாது விடுகின்றார். எனினும், முன்னைய சக்கரவர்த்திகளின் கடுமையான விதிக்குத் தாம் மேலும் இரக்கமான பொருள் கொள்வதில் மகிழ்வதாகக் கூறி, அப்பிள்ளைகள் சட்டபூர்வமான உரிமையாளர் அல்லராயினும், இரத்த உறவினர் என்னும் வகுப்பில் ஆதனத்தைக் கோரலாம் என்று விதிக்கின்றார். இச்செய்தியை வீரர்க்கும் ஓய்வுபெற்றோர்க்கும் அறிவிக்குமாறு பணித்ததோடு, தமக்குப் பெருமை தேடுதற்கன்று, அறியாதோர் அறிந்து பயன்படுத்துதற்கே இதனைச் செய்வதாகவும் சேர்த்துள்ளார். இரத்த உறவினர் வகுப்பு வரிசையில் மூன்றாவது. முந்திய வகுப்பில் ஒருவர் இருப்பின் பிள்ளைக்கு ஒன்றுமில்லை. தாய்க்கு இக்கடிதத்தாலும் எதுவுங் கிடைக்கவில்லை. மக்ரீனா போன்றோர் நிலை மாறவில்லை.

வேறொரு சலுகை நம் தேசவழமை படித்தோர்க்கு எளிதில் விளங்கும். கிளாஸ் ஐசாக்ஸ் என்னும் ஒல்லாந்த அதிகாரி 1707ஆம் ஆண்டளவிற் தொகுத்த தேசவழமையில், மணமாகா மைந்தர் ஈட்டிய பொருளெல்லாம் பெற்றோரின் பொதுச் சொத்தையே சேரும். தாம் அணிந்திருக்கும் பொன் வெள்ளி அணிகலன்களே விலக்கு என்ற விதி உண்டு. உரோமத் தந்தையின் அதிகாரம் இதனினும் பெரிது. தந்தை உயிரோடிருக்கும்வரை, ஐம்பது வயது மகனுக்கும் தனக்கெனச் சொத்தில்லை. இதற்கு ஓகஸ்தஸ் காலமுதல் ஒரு விலக்குப் பிறந்தது. படைச் சேவையால் வந்த பொருளை மகன் தன் மரணசாதனத்தால் விரும்பியவர்க்கு அளிக்கலாம். ஓய்வுபெற்றோர்க்கும் ஹதிரியன் இதனை நீட்டினார். அங்கதக் கவிஞர் ஜுவெனல், வீரர் பெறும் சலுகைகளைச் சாடிய தம் பதினாறாம் பாடலில், முதிர்ந்து தளர்ந்த தந்தையே மகனின் சொத்தை நாடி அவனுக்கு இச்சகம் பேசுவதாகக் காட்டியுள்ளார். அப்பாடலிலே அடிபட்ட குடிமகன் வீரனை வழக்கிற்கு இழுத்தால் விசாரணை பாசறையினுள்ளேயே, படையதிகாரி முன்னிலையிலே நடக்கும் என்னும் முறைப்பாடும் உண்டு. சலுகையின் மறுபுறத்தில் நின்றோர் குரலாக இதனை நாம் கேட்டல் வேண்டும். அப்பாடல் அறுபதடியளவிற் குறையாக நின்றுவிட்டமை இழப்பே. வீரன் தான் சேவை செய்யும் மாகாணத்தில் நிலம் வாங்குதல் ஆகாது என்னும் தடை, இத்தகைய அத்துமீறலைச் சிறிது கட்டுப்படுத்தியிருக்கலாம்.

பகைவரிடம் சிறைப்பட்ட வீரனைப் பற்றியும் ஒரு சொல். சிறைப்பட்டவன் அடிமை, அடிமையின் மரணசாதனம் செல்லாது. அவன் மீண்டு எல்லையைக் கடந்து வந்தால் அவனுடைய உரிமைகள் பெரும்பாலும் மீளும். மீளாது சிறையிலேயே இறந்தாலோ, சிறைப்பட்ட கணத்திலேயே இறந்துவிட்டான் எனக் கொண்டு, அதற்குமுன் எழுதிய மரணசாதனத்தைச் செல்லுபடியாக்கியது கொர்னேலியஸ் சட்டம். உயிரோடிருந்தவனை இறந்தவனாகப் பாவித்து அவன் சொல்லை உயிர்ப்பித்த புனைவு இது. படையேந்தியிருந்தும் சரணடைந்தவனுக்கு மீளும் உரிமை இல்லை.

குடியுரிமையற்ற துணைப்படையினர் இருபத்தைந்தாண்டு முடித்தபின் குடியுரிமையும், ஒருத்தியை முறைப்படி மணக்கும் உரிமையும் பெற்றனர். ஈரேடாகக் கட்டி எழுவர் முத்திரையிட்ட வெண்கலப் பட்டயங்கள் இதற்குச் சான்று. உரோமில் வெளிப்படுத்தப்பட்ட மூலத்தின் படிகள் அவை. கி. பி. 140ஆம் ஆண்டளவுவரை முன்பிறந்த பிள்ளைகட்கும் இப்பட்டயம் குடியுரிமை தந்தது. பின்னர்ப் பிள்ளைகளைக் குறிக்கும் அச்சொற்கள் மறைந்தன.

197இற் செப்திமியஸ் செவெரஸ் வீரர் பெண்களோடு இல்லறம் நடத்த அனுமதித்தார் என்பது ஹெரோடியன் கூற்று. வாயில் திறந்தபின்னும் சாளரம் அடைக்கப்படவில்லை. ஆயினும் ஜஸ்தீனியன் ஆறாம் நூற்றாண்டில் அதனைச் சுருக்கினார்: படையெடுப்பில் ஈடுபட்டிருப்போர்க்கே இச்சலுகை, பாசறையிலோ வீட்டிலோ ஓய்ந்திருப்போர்க்கு இல்லை.

இச்சுருக்கம் ஆயிரத்து முந்நூறு ஆண்டுகள் கடந்து இங்கிலாந்தின் நீதிமன்றத்திற் புகுந்தது. 1677ஆம் ஆண்டின் மோசடித் தடைச் சட்டம் மரணசாதனங்கட்கு எழுத்தும் சாட்சியும் விதித்தபோது, மெய்யான படைச்சேவையிலிருக்கும் வீரனுக்கும் கடலிலிருக்கும் மாலுமிக்கும் விலக்களித்தது. உரோமச் சட்டத்தில் வல்லவரான சேர் லியோலைன் ஜென்கின்ஸ் என்பவரே இவ்விலக்குக்குக் காரணர் என்பர். 1837ஆம் ஆண்டின் மரணசாதனச் சட்டத்தின் 11ஆம் பிரிவு இதனைத் தொடர்ந்தது; 1918ஆம் ஆண்டின் சட்டம் வயதுவராத வீரர்க்கும் நிலத்துக்கும் இதனை விரித்தது. மெய்யான படைச்சேவை என்பதன் பொருள் யாது? 1843இல் திரமன்ட் வழக்கிலே, அது ஜஸ்தீனியன் கூறிய படையெடுப்பே எனத் தீர்க்கப்பட்டது. 1949இல் விங்கம் வழக்கு வந்தது. பிரித்தானிய விமானப்படை வீரன் ஒருவன் 1943இற் கனடாவிற் பயிற்சி பெறும்போது சாட்சியின்றி மரணசாதனம் எழுதிவிட்டு, விமான விபத்தில் இறந்தான். போர்க்களமோ கடலுக்கப்பால். கீழ்நீதிமன்றம் மறுத்தது, மேன்முறையீட்டு மன்றம் ஏற்றது. ஆங்கிலச் சட்டத்தின் தெளிவான சொல்லுக்கு உரோமப் படையின் நிலைமையைக்கொண்டு பொருள் காணுதல் வேண்டா என நீதியரசர் டெனிங் உரைத்தார்.

உரோமரை டெனிங் வாயிலிலே நிறுத்தினாரெனினும், திராஜன் ஸ்தத்திலியசுக்கு எழுதிய மறுமொழி அம்மன்றங்களை விட்டு நீங்கவில்லை. 1962இல் நிப்ஸ் வழக்கிலே, கப்பலில் மதுச்சாலைப் பணியாளனொருவன் தனக்கு ஏதேனும் நேர்ந்தால் தன் பொருள் இன்னாளுக்கு என்று மேற்பணியாளரிடம் பேச்சோடு பேச்சாகச் சொன்னது ஆராயப்பட்டது. கடலிலிருப்போன் என்னும் சலுகை அவனுக்கு உண்டு, சொன்னதும் உண்மை, ஆயினும் அச்சொல்லை நிறைவேற்றவேண்டுமென்னும் கருத்தோடு கூறியதன்று என மன்றம் அதனை ஏற்கவில்லை. 1981இல் தீர்க்கப்பட்ட ஜோன்ஸ் வழக்கு வேறுவகை. 1978இல் வட அயர்லாந்திற் காவற்சுற்று வந்த இளவீரன் ஒருவன் சுடப்பட்டு வீழ்ந்தான். தன் பொருளைத் தாய்க்கு எழுதிவைத்த மரணசாதனம் ஒன்று அவனுக்கு முன்பே இருந்தது. உயிர் பிரியுமுன் அதிகாரிகள் இருவரிடம், தான் பிழையாவிடின் தன் உடைமைகள் தனக்கு மணம் பேசியிருந்த பெண்ணைச் சேர்வதை உறுதிசெய்யுமாறு கேட்டுக்கொண்டான். போர் பிரகடனஞ் செய்யப்படவில்லை. எதிரே நின்றதும் வேற்றுநாட்டுப் படையன்று. எனினும் அது மெய்யான படைச்சேவையே எனவும், அவ்விருவர் கேட்ட சொல் மரணசாதனமே எனவும் நீதிபதி தீர்த்தார். எழுத்தும் சாட்சியும் உடைய பழைய ஆவணம் செல்லாதாயிற்று. மணம் முடியாத அப்பெண் அவன் உடைமைகளைப் பெற்றாள்.